அரணமைந்த உழவர் இல்லங்கள்: ஒரு திறனாய்வு

வீடு வெயிலையும் மழையையும் தடுப்பது மட்டுமன்று. அதனைக் கட்டியோர் எதற்கு அஞ்சினர் என்பதையும் உணர்த்துவதாகும். இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்துப் 'பாசில்' என்னும் கல்வீடுகள் இதற்குத் தக்க சான்றாகும். 16ஆம் நூற்றாண்டிலே 'றீவர்' எனப்பட்ட கொள்ளைக் கூட்டத்தார் எல்லையின் இருமருங்கும் ஆநிரை கவர்ந்து திரிந்தனர். அவர்க்கு அஞ்சிய உழவர், ஏறத்தாழ ஒரு மீற்றர் தடிப்புள்ள சுவரெழுப்பிக் கீழே மாடுகளை அடைத்து, மேலே தாம் வாழ்ந்தனர். மேல்வாயிலை அடைதற்கு, வேண்டும்போது உள்ளிழுக்கத்தக்க ஏணியே வழியாயிற்று.

இவ்வில்லங்களை ஆராய்ந்து றாம், மக்டவல், மேர்சர் ஆகிய மூவரும் எழுதிய 'ஷீலிங்ஸ் அன்ட் பாசில்ஸ்' என்னும் நூல் 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. கீழே தொழுவம், மேலே மனை என்னும் இலக்கணத்தை அது தெளிவுற நிறுவியமை போற்றத்தக்கது. ஆயின், தடித்த சுவரைக் கண்ட இடமெல்லாம் பாசில் எனத் துணிதல் அவ்விலக்கணத்துக்கு இழுக்காம். செதுக்காத கல்லாற் கட்டும் நாட்டிலே சுவர் தடித்தல் இயல்பன்றோ?

உண்மைச் சான்றுகள் பிற்கால மனைகளினுள்ளே மறைந்து கிடக்கின்றன. குறுஞ்சுவரிலே கல்லிட்டு அடைத்த தொழுவ வாயில், குறுக்குமரம் செருகுதற்குக் கதவின் பின்னே சுவரிற் குடைந்த துளை, காற்றுக்கென விட்ட ஒடுங்கிய பிளவு, சாளரமாக மாறிய மேல்வாயில் என்பன அவை. நோர்தம்பலாந்திலுள்ள 'பிளக் மிடன்ஸ்' வீட்டிலே ஏணி நின்ற இடத்திற் கற்படி அமைந்துள்ளது. கீழ்ச்சுவரிற் புதுவாயில்கள் வெட்டப்பட்டுள்ளன. அச்சம் தணிந்த வரலாற்றை இம்மாற்றங்களே கூறுகின்றன.

இனி, ஒரு வினா எஞ்சுகின்றது. 1603ஆம் ஆண்டில் இருநாட்டு முடியும் ஜேம்ஸ் மன்னனிடம் ஒன்றுபட்டன. அதன் பின்னரும் பாசில்கள் பல எழுந்தமை எதனால்? கொள்ளையச்சம் ஒன்றே காரணம் எனின், இது விளங்காது. முடி ஒன்றுபட்டவுடன் களவு ஒழிந்துவிடவில்லை என்பது ஒரு பாதி. அச்சம் மட்டும் கல்வீட்டை எழுப்பாது. கல்லிற் கட்டுதற்குப் பொருள்வளமும், கட்டிய நிலத்திலே நிலைத்து வாழலாம் என்னும் நம்பிக்கையும் வேண்டும் என்பது மறுபாதி. ஆகவே, பாசில் உழவனின் அச்சத்துக்கு மட்டுமன்றி, அவன் உயர்வுக்கும் சான்றாகும்.

பழைய மனையைப் புதுக்குவோர் அச்சிறு துளையைச் சாந்திட்டு மூடுவராயின், ஏட்டில் எழுதப்படாத உழவனின் வரலாற்றில் ஒரு பக்கம் அழிந்துபடும். வரலாறு பயிலும் மாணவர் கோட்டைகளை நோக்கும் கூர்மையோடு குடியானவன் வீட்டுச் சுவரையும் நோக்குதல் கடனாம்.