நோயும் நட்பும் அதீத கற்பனையும்: இளையோர் நாவல்கள் சில பற்றிய ஒரு நோக்கு

1

அதீத கற்பனை இலக்கியத்தை, யதார்த்தத்தினின்றும் தப்பியோடும் முயற்சி எனக் கொள்ளும் போக்கு முற்போக்கு விமர்சனத்தில் நீண்டகாலமாக நிலவி வந்துள்ளது. சமூக முரண்பாடுகளை மூடிமறைக்கும் மாயாஜாலக் கதைகள் மலிந்த சூழலில் இவ்வையம் நியாயமானதே. ஆயின், அதனை ஒரு பொதுவிதியாக்கி எல்லாப் படைப்புகளுக்கும் பிரயோகிக்க முற்படும்போது, சில படைப்புகளின் மெய்யான சமூக உள்ளடக்கம் நமது பார்வைக்குத் தப்பிவிடுகின்றது. நீடித்த நோயையும் நட்பையும் பொருளாகக் கொண்ட இளையோர் நாவல்கள் இவ்வகையின. மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் கட்டிலிற் கிடக்கும் பிள்ளை ஒன்றினுக்கு யதார்த்தம் எனப்படுவது யாது? நான்கு சுவர்கள், ஒரு யன்னல், வைத்தியரின் வருகை, பிறருடைய குரல்கள் என்பனவே. அப்பிள்ளை கற்பனையில் வெளியே செல்வதைத் 'தப்பியோட்டம்' எனக் குற்றஞ்சாட்டும் தகுதி, விரும்பியபோது எழுந்து நடக்கக்கூடிய நமக்கு உண்டா?

1939இல் சென் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையொன்றில் ஜே. ஆர். ஆர். ரோல்கின், சிறைப்பட்டவன் தப்புவதும் போர்வீரன் களத்தை விட்டோடுவதும் ஒன்றல்ல என்றார். அவரது உலகநோக்கு நமக்கு உடன்பாடானதன்று; எனினும் இவ்வேறுபாடு பயனுடையது. ஆனால் அதனோடு நாம் நின்றுவிடல் ஆகாது. தப்புதல் நியாயமெனின், எதனை விட்டுத் தப்புவது, எவருடன் தப்புவது என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. கற்பனை உலகின் வாயிலில் நோயுற்ற உடலைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே செல்லும் கதைகள் உள. உடலையும் உடன்கொண்டு செல்லும் கதைகளும் உள. இவ்விரண்டுக்குமிடையிலான வேறுபாடு கலைநுட்பம் மாத்திரம் சார்ந்ததன்று. நோயாளரைச் சமூகம் எவ்வாறு நோக்குகின்றது என்பதோடு தொடர்புடையதுமாகும்.

2

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, முந்திய மரபினைச் சுருக்கமாக நோக்குதல் தகும். சூசன் கூலிட்ஜ் 1872இல் வெளியிட்ட கேற்றி என்னும் சிறுமியின் கதையிலும், யொகானா ஸ்பிறி எழுதிய 'ஹைடி'யின் 1881ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்திலும், பிரான்சிஸ் ஹொட்ஜ்சன் பேணற்றின் 'இரகசியத் தோட்டம்' (1911) நாவலிலும் நடக்கவியலாத பிள்ளை ஈற்றில் எழுந்து நடக்கின்றது. பொறுமை கற்றதற்காகவோ, தூய காற்றைச் சுவாசித்ததற்காகவோ, நம்பிக்கை கொண்டதற்காகவோ நடை பரிசாகக் கிடைக்கின்றது. நோய் இங்கு ஓர் ஒழுக்கப் பாடசாலை. சுகம் அதன் சான்றிதழ். இத்தர்க்கத்தின் மறுபக்கத்தை நாம் மனங்கொள்ளல் வேண்டும். நல்ல பிள்ளை நடக்குமெனின், நடவாத பிள்ளையின் நிலை யாது? அது போதிய பொறுமை கொள்ளவில்லை, போதிய நம்பிக்கை கொள்ளவில்லை என்பதன்றோ இதன் உட்கிடை? நோய்ச் சுமையின்மீது குற்றச்சுமையையும் ஏற்றும் மரபு இது. இக்கதைகளில் நண்பர்களும் பெரும்பாலும் நோயாளியைச் சுகமாக்கும் கருவிகளாகவே அமைகின்றனர்.

3

இம்மரபினின்றும் முக்கியமான வகையில் விலகுவது கத்தரின் ஸ்ரோர் எழுதிய, 'மரியானின் கனவுகள்' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட 1958ஆம் ஆண்டு நாவலாகும். ஸ்ரோர் ஒரு வைத்தியர்; உளமருத்துவத் துறையிற் பணியாற்றியவர். இளம்பிள்ளைவாதம் 1947 முதற்கொண்டு பிரித்தானியாவிற் பெருந்தொற்றாகப் பரவி, 1956இல் தடுப்பூசி வழங்கல் தொடங்கியிருந்த காலப்பகுதியின் பின்னணியிற் பிறந்தது இந்நாவல்.

தனது பத்தாவது பிறந்த தினத்தில் நோயுற்று வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடக்கும் மரியான், பழைய தையற்பெட்டியொன்றிற் கண்டெடுத்த பென்சிலால் ஒரு வீட்டை வரைகின்றாள். உறங்கும்போது அவ்வீட்டின் முன்னே தான் நிற்பதைக் காண்கின்றாள். யன்னலில் அவள் வரைந்த முகம் மார்க் என்னும் சிறுவனாகின்றது. அவன் மெய்யுலகிலும் உள்ளவன். இளம்பிள்ளைவாதத்தாற் கால்கள் பலவீனமுற்றவன். இருவருக்கும் வீட்டுக்கு வந்து கற்பிப்பவர் ஒரே ஆசிரியை.

மேல்மாடியிலுள்ள மார்க் கீழே இறங்கி வருகின்றானில்லை. இதற்குக் காரணங்கள் இரண்டு. அவ்வீட்டுக்குப் படிக்கட்டு இல்லை. மரியான் அதனை வரையவில்லை. மேலும் அவனால் நடக்கவும் இயலாது. இவ்விரு காரணங்களும் ஒன்றல்ல என்பதே நாவலின் ஆழமான கண்டுபிடிப்பு. கால்களின் பலவீனம் நோயினால் வந்தது. படிக்கட்டு இல்லாமை வரைந்த கையின் கவனக்குறைவால் வந்தது. முன்னதை மரியானால் மாற்றவியலாது. பின்னதை மாற்றலாம், மாற்றுகின்றாள். உடற்குறைபாடு வேறு, சமூகம் எழுப்பும் தடை வேறு என்னும் கருத்தை, பிரித்தானியாவின் உடற்குறைபாடுடையோர் ஒன்றியம் ஒன்று 1976இல் கோட்பாடாக வகுத்துரைத்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே சிறுவர் நாவலொன்று அவ்வேறுபாட்டைக் கதைநிகழ்ச்சியாக்கியிருந்தமை கவனத்திற்குரியது.

நட்பைப் பொறுத்தவரையிலும் ஸ்ரோர் இனிப்புப் பூசவில்லை. ஆசிரியையின் பிறந்த தினத்துக்குத் தான் கொடுக்கவிருந்த றோசாப் பூக்களிலும் பார்க்கப் பெரிய மலர்க்கொத்தை மார்க் கொடுத்துவிட்டான் என்றறிந்த மரியான், ஆத்திரத்தில் அவனது யன்னலின் குறுக்கே தடித்த கோடுகளைக் கீறுகின்றாள். வேலிக்கப்பால் கற்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் வைக்கின்றாள். கனவில் அக்கோடுகள் சிறைக்கம்பிகளாகின்றன; கற்கள் காவலராகின்றன. மெய்யுலகில் மார்க்கின் நோய் முற்றுகின்றது. அப்பென்சிற் கோடுகளை அழிக்கவும் முடியாது. நோயுற்ற பிள்ளையும் பொறாமைப்படும், தீங்கு செய்யும் என ஒப்புக்கொள்ளும் துணிவு முந்திய மரபுக்கு இருக்கவில்லை. செய்ததை அழிக்கவியலாதபோது செய்யக்கூடியது ஒன்றே: மேலும் வரைதல். உணவு, புத்தகம், துவிச்சக்கர வண்டி என அவள் வரைகின்றாள். மார்க் தன் கால்களை வலிந்து பயிற்றுகின்றான். இருவரும் அவ்வண்டியில் வெளிச்சவீட்டை நோக்கித் தப்புகின்றனர். இங்கு நட்பு என்பது இரக்கமன்று, உழைப்பு. ஈற்றில் பென்சில் மார்க்கின் கைக்கு மாறுகின்றது. தான் செல்லும் வழியைத் தானே வரையும் உரிமையை நோயாளியிடம் கையளிக்கும் இக்கட்டம் நாவலின் உச்சம் எனலாம்.

குறைபாடுகள் இல்லாமலில்லை. குதிரைச்சவாரி பயிலும், வீட்டில் ஆசிரியை வைத்துக் கற்கும் வர்க்கத்தின் நோயே இது. அமைதியான படுக்கையறை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதன்று என்னும் உணர்வு நாவலில் இல்லை.

4

அவ்வுணர்வை அஸ்ற்றிட் லின்ட்கிறெனின் சுவீடிய நாவலிற் காண்கின்றோம். 1973இல் வெளிவந்த 'சிங்கநெஞ்சச் சகோதரர்', தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயின் வறிய வீட்டிலே தொடங்குகின்றது. காசநோயுற்ற இளையவன் கார்ல் படுப்பது சமையலறையில். தான் சாகப்போவதை அவன் அறிவான். மூத்தவன் யொனத்தான் அவனுக்கு நங்கியாலா என்னும் மறுவுலகைப் பற்றிச் சொல்கின்றான். வீடு தீப்பற்றும்போது தம்பியை முதுகிற் சுமந்து யன்னலாற் குதித்து மூத்தவனே முதலில் இறக்கின்றான். சிறிது காலத்தில் இளையவனும் நங்கியாலா சேர்கின்றான். அங்கு அவனது இருமல் இல்லை, கால்கள் நேராகிவிட்டன.

உடலைக் கழற்றிவைத்துவிட்டு நுழையும் உலகு இது. எனினும் லின்ட்கிறென் அவ்வுலகை இன்பபுரியாக விட்டுவிடவில்லை. அங்கும் தெங்கில் என்னும் கொடுங்கோலன் மக்களைச் சுவரெழுப்பி அடைக்கின்றான், மக்கள் கிளர்ந்தெழுகின்றனர். கார்லின் நோய் நீங்கினும் அச்சம் நீங்கவில்லை. அஞ்சியவாறே அவன் அண்ணனைப் பின்தொடர்கின்றான். ஈற்றில் கட்லா என்னும் பறவைநாகத்தின் தீ பட்டு யொனத்தான் அசையவியலாதவனாகும்போது, முன்பு சுமக்கப்பட்டவன் சுமப்பவனாகின்றான். யார் நோயாளி, யார் காப்பாளன் என்பது நிலையானதன்று என்னும் உண்மை இங்கு மிக எளிமையாகப் புலப்படுத்தப்படுகின்றது.

ஆயின் சுமந்து செல்லுமிடம் எது? மலைவிளிம்பு, அதற்கப்பால் இன்னொரு மரணம், இன்னொரு உலகு. அசையவியலாத உடலுடன் வாழ்வதற்கு நங்கியாலாவில் இடமில்லை. கொடுங்கோலனை வீழ்த்தக் கற்ற சமூகத்தில் முடங்கிய ஒருவனுக்குக் கட்டிலொன்று இடமுடியாதா என்னும் வினாவை நாம் எழுப்பாதிருக்கவியலாது. சாகும் பிள்ளைக்கு இந்நாவல் ஆறுதலளிக்கலாம். நோயுடன் நெடுங்காலம் வாழவேண்டிய பிள்ளைக்கு இது சொல்வது சொற்பமே.

5

நீடித்த நோயின் தனியியல்பு இதுவே: அது சுகத்திலும் முடிவதில்லை, சாவிலும் உடன் முடிவதில்லை. கதைக்கோ முடிவு வேண்டும். இம்முரண்பாட்டைப் பிற்கால இளையோர் நாவல்கள் சில நேர்நின்று எதிர்கொள்கின்றன. எலும்புத் திசு அழியும் நோயுடன் வாழ்பவரான லீ பாடூகோ 2015இல் வெளியிட்ட 'ஆறு காகங்கள்' நாவலின் தலைமைப் பாத்திரம் கைத்தடியூன்றி நடப்பவன். மந்திரத்தால் உடலைக் குணமாக்குவோர் வாழும் உலகிலும் அவன் கால் சீராக்கப்படுவதில்லை. வலியும் கைத்தடியும் இறுதிவரை உடன் வருகின்றன. கொள்ளைக் கதையின் கவர்ச்சிகளுக்கு அந்நாவல் இடங்கொடுத்துள்ளது மெய். எனினும் சுகத்தைப் பரிசாக வழங்கும் பழைய ஒப்பந்தத்தை அது மறுக்கின்றது.

எனவே இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடுகையில், இது யதார்த்தமா அதீத கற்பனையா என வினவுவது போதாது. நோயுற்ற உடல் அக்கற்பனையுலகுள் அனுமதிக்கப்படுகின்றதா, நண்பன் அங்கு இரங்குகின்றானா உழைக்கின்றானா, பென்சில் யாருடைய கையில் இருக்கின்றது என வினவுதல் வேண்டும். படிக்கட்டு வரையப்படாத வீடுகள் கனவில் மாத்திரம் உள்ளனவல்ல. நமது பாடசாலைகளும் நூலகங்களும் பல்கலைக்கழக மண்டபங்களும் எவருடைய கால்களை மனத்திற்கொண்டு வரையப்பட்டன என்பதை எண்ணிப்பார்க்க வைக்குமாயின், அக்கற்பனை யதார்த்தத்திற்குப் பகையன்று.