அட்டையில் யார் முகம்?

சிவகாசி என்றதும் பலர் நினைவுக்கு வருவது வெடியோசை. ஆனால் அவ்வோசைக்கு முன்பே கடைத்தெருவில் கண்ணை இழுத்து நிறுத்துவது, பெட்டியின் மேல் ஒட்டிய வண்ணப்படம் அன்றோ? வெடி வெடித்துச் சாம்பலாகும். குச்சி உரசிக் கரியாகும். படமோ பார்த்தவர் நெஞ்சில் தங்கும். தங்குவது எது என்று கேட்பது நம் கடமை.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தொழில் வளர்ந்தது. பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். வண்ணத்துக்கு ஒரு கல் என்று கல்லச்சில் தொடங்கிய கலை, பின்னர் ஆப்செட் எந்திரங்களாய்ப் பெருகி, நாட்காட்டிகளால் நாட்டின் சுவர்களை நிறைத்தது.

படிப்பறியாதோர் மிகுந்திருந்த காலம் அது. பெயரைப் படிக்க இயலாதவரும் 'அணில் கொடு', 'மயில் கொடு', 'சேவல் கொடு' என்று கேட்டு வாங்கும்படி படம் பேசியது. தீப்பெட்டிச் சீட்டின் நீளம் ஏறத்தாழ இரண்டு அங்குலம்; அகலம் ஒன்றரை அங்குலம். அதற்குள் ஓர் உருவம், தடித்த கோடு, மூன்று நான்கு வண்ணம், பருத்த எழுத்து. பெயர் பொறிக்காத ஓவியர் பலர் வகுத்த இலக்கணம் இது!

இதனை இன்று நாம் நினைவூட்டக் காரணம் உண்டு. இசைத்தட்டுகள் வெறும் பழுப்புத் தாளுறையில் விற்ற நாளில், 1939-இல், அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராய்ச் சேர்ந்தார் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர். அவர் கைவண்ணத்தால் உறையும் பாட்டின் ஒரு பகுதியாயிற்று. 1948-இல் நெடுந்தட்டு வந்தது. பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஓவியனின் ஆடுகளமாயிற்று. இன்றோ பாட்டு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. அச்சதுரமும் சுருங்கித் தீப்பெட்டிச் சீட்டின் அளவுக்கு வந்து நிற்கிறது! எனவே இசைத்தொகுப்புக்கு மேலட்டை வரையும் மாணவன், சிவகாசிச் சீட்டிடம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

நம் வட்டாரத்துப் பள்ளியொன்றில் மாணவர்கள் தம் ஊரின் உழைப்பைப் பாடி, பதிவு செய்து, அத்தொகுப்புக்கு மேலட்டையும் தாமே ஆக்கினர். அதன் மூன்று படிவங்களையும் நாம் கண்டோம்.

முதற்படிவத்தில் வானமெங்கும் வாணவேடிக்கை. நடுவே நடிகர் ஒருவரைப் போன்ற முகம். பொன்னிறத்தில் மெல்லிய எழுத்து. கணினித் திரையில் அழகுதான். கைப்பேசி அளவுக்குச் சுருக்கியதும் வானம் கலங்கிற்று. எழுத்தின் தலையிலிருந்த புள்ளிகள் மறைந்தன. புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், தமிழே தடுமாறும். சீட்டெழுதிய ஓவியன் எழுத்தைப் பருமனாக வரைந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதா?

இரண்டாம் படிவத்தில் ஒரு மாணவனின் தாய். பட்டாசுத் தொழிலாளி. அவர் இசைவோடு எடுத்த நிழற்படம். நல்ல தேர்வு! ஆனால் திருத்தும் கை சும்மா இருக்கவில்லை. கருமுகம் வெளுக்கப்பட்டது, கன்னத்தில் ரோசா நிறம் ஏறிற்று, அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூத்திருந்த விரல்கள் துடைக்கப்பட்டன. 'அச்சில் கருமை எடுக்காது' என்பது காரணமாம்.

காரணம் பொய். மஞ்சளும் செந்நீலமும் மிகுந்து, நீலமும் கருப்பும் அளவோடு கலந்தால், நம் மக்களின் மாநிறம் தாளில் வந்து நிற்கும். மையில் இல்லை குறை, மனத்தில் இருக்கிறது. அக்குறையை விதைத்ததில் இவ்வட்டாரத்து அச்சுக்கும் பங்கு உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) தேர்ந்த ஓவியர். அவரும் மாணாக்கரும் தீட்டிய படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் ஏறி வீடுதோறும் சென்றன. அத்திறத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் நாட்காட்டிக் கலையில் சிவந்த மேனியே அழகின் அளவுகோலாயிற்றே, அதனை மறுக்கிறோம்.

பட்டாசுப் பெட்டிகளில் கொழுகொழுவெனச் சிரிக்கும் குழந்தைகளைக் கண்டிருக்கிறோம். அச்சிரிப்பு விற்பனையான நாளிலேயே இத்தொழிலில் சிறுவர் சிறுமியரின் விரல்கள் தேய்ந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இல் சிவகாசி வழக்கில் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுள் எதைச் சொல்லிற்று அட்டைப்படம்?

மூன்றாம் படிவத்தில் முகம் இல்லை. இரு கைகள் மட்டுமே. தூள் படிந்த விரல்கள், கருப்பின் மேல் வெள்ளி. கீழே பருத்த தமிழெழுத்து. நக அளவிலும் தெளிவு! சீட்டின் இலக்கணம் காக்கப்பட்டது. சீட்டின் பொய் கழிக்கப்பட்டது. குறை ஒன்று: பாடியோர் பெயர் உண்டு, படத்துக்குக் கை தந்த தாயின் பெயர் இல்லை. அவர் விரும்பினால் அதனையும் பொறித்தல் வேண்டும்.

இளைஞர்களே! படத்தை வெட்டுங்கள், சுருக்குங்கள், வெளிச்சம் கூட்டுங்கள். கலைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் அழிப்பானை எடுக்கும்போது அழிவது கறையா, உழைப்பா என்று கேளுங்கள். தாயின் நிறத்தைத் திருத்தி அமைத்த அட்டைக்குள், தாயைப் போற்றும் பாட்டு எப்படி உண்மையாக ஒலிக்கும்?