கலையும் பிணையும்: சீறாப்புராணத்தில் ஒரு படலம்

பிணை என்னும் தமிழ்ச்சொல் பெண்மானைக் குறிக்கும். ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பைக் குறிக்கும். கட்டு, இணைப்பு என்னும் பொருளும் அதற்கு உண்டு. பிணையின் துணையாகிய ஆண்மானைக் கலை என்பது பழந்தமிழ் வழக்கு. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பாடியபோது இச்சொல்வளம் முழுவதும் அவருக்குத் துணை நின்றது. கலை மனிதரை இணைக்கிறது, நம்பிக்கை ஊட்டுகிறது என்று நாம் மேடைதோறும் கேட்கிறோம். எவ்வாறு இணைக்கிறது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. அவ்வினாவுக்கு இப்படலத்தில் விடை இருக்கிறது என்பது நம் கருத்து.

கதை எளியது. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அது முறையிடுகிறது: கன்று பசித்திருக்கும், பாலூட்டிவிட்டு மீண்டு வருகிறேன். அண்ணலார் வேடனிடம் அதனை விடுவிக்கக் கேட்கிறார்கள். காட்டுக்குள் புகுந்த விலங்கு மனிதனைத் தேடித் திரும்பி வருவதுண்டோ என்பது வேடனின் ஐயம். அந்த ஐயத்தில் பிழையில்லை. உலகியல் அறிந்த எவரும் அவ்வாறே கேட்பர். அண்ணலார் தாமே பிணையாகிறார்கள். மான் சென்று கன்றுக்குப் பாலூட்டுகிறது. பிணை நின்றவரின் சொல் பொய்க்கலாகாது என்று கன்றுடன் மீள்கிறது. அதைக் கண்ட வேடன் மனம் மாறி இஸ்லாத்தை ஏற்கிறான்.

இக்கதைக்கு நம்மிடையே எழும் மறுப்பை மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். பைஹகீ, அபூ நுஐம் ஆகியோர் நபித்துவச் சான்றுகள் பற்றித் தொகுத்த நூல்களில் இச்செய்தி இடம்பெறுகிறது. எனினும் ஹதீஸ்கலை அறிஞர்கள் இதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானதென்றனர். இப்னு கஸீர் போன்றோர் இதற்கு அடிப்படையில்லை என்றே கருதினர். ஆதாரமற்ற கதைகளைச் சுமந்து நிற்கும் காப்பியம் நமக்கெதற்கு என்று மார்க்கப் பற்றுள்ள இளைஞர்கள் கேட்கின்றனர். அவர்களது அக்கறையை நாம் மதிக்கிறோம். அகீதாவையும் சட்டத்தையும் காப்பியத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஆயின், சான்றாகக் கொள்ளத்தகாத ஒன்று கலையாகவும் பயனற்றது என்னும் முடிவு இதிலிருந்து பிறப்பதன்று. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பிடிக்கப்பட்ட குஞ்சுகளுக்காகத் துடித்த தாய்ப்பறவையிடம் அவற்றைத் திருப்பி அளிக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது. அண்ணலாரின் கருணை மானின் கதையை நம்பி நிற்கவில்லை. அக்கருணை ஒரு தமிழ் உள்ளத்தில் எத்தகைய வடிவம் கொண்டது என்பதையே இப்படலம் காட்டுகிறது.

அவ்வடிவத்தின் வேர் தமிழ் அகப்பாடலில் இருக்கிறது. கலித்தொகையின் பாலைக்கலியில், நிழலற்ற காட்டில் வெயிலால் வாடும் பிணைக்குத் தன் நிழலையே தந்து காக்கும் கலையைக் காண்கிறோம். அத்தகைய காட்சிகள் தாம் செல்லும் காட்டில் உண்டு என்று தலைவர் முன்பு சொல்லியிருப்பதால், அவற்றைக் காண்பவர் மீளாதிரார் என்று தலைவி நம்புகிறாள். பாலையும் பிணையும் மீட்சியின் நம்பிக்கையும் தமிழ் வாசகருக்கு முன்பே பழகியவை. உமறுப்புலவரின் காப்பியத்தில் அரபு நாட்டு மலைச்சாரலில் நிற்கும் மான் தமிழ்க்காதுக்கு அந்நியமாக ஒலிக்காததற்கு இதுவே காரணம். அங்கே கலை தந்த நிழலை இங்கே அண்ணலாரின் சொல் தருகிறது.

இந்நூல் உருவான வரலாறும் ஒருவருக்கொருவர் பிணை நின்ற வரலாறே. 1642இல் பிறந்த உமறுப்புலவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகை முத்துப் புலவர். காப்பியம் பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் மறைவுக்குப்பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 92 படலங்களாக 5,027 பாடல்கள் கொண்ட இந்நூல் அண்ணலாரின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. விடுபட்டதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்ன சீறா'வில் பாடினார். ஏட்டிலிருந்த சீறாவை 1842இல் அச்சேற்றினார் ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். ஓர் இந்துப் புலவர், வணிக வள்ளல்கள், ஓர் ஆலிம் என ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தவரின் பணியைத் தம் பொறுப்பாக ஏற்றதால்தான் நூல் நம் கைக்கு வந்தது.

சீறா குறையற்றதென்று நாம் வாதிடவில்லை. நாட்டு வளம், நகர் வளம், உலா ஆகிய வருணனைகளில் புலவர் காப்பிய மரபுக்குக் கட்டுப்பட்டு அளவு கடந்து நீட்டுகிறார். சிற்சில இடங்களில் பாடுபொருளின் கண்ணியத்துக்கு அவ்வணிகள் பொருந்தவுமில்லை. அரபுச் சொற்களின் செறிவு பிற சமயத்தாரைத் தயங்க வைக்கிறது. ஆனால் இப்படலத்தில் அணி அடங்கி, அறம் முன்னே வருகிறது. தாய்மை, வாக்கு, பொறுப்பு ஆகியவற்றை அறிய எவருக்கும் உரைநூல் வேண்டுவதில்லை.

மான் தப்பிப் போயிருந்தால் அது விடுதலைக் கதை. வேடன் முதலிலேயே இரங்கியிருந்தால் அது இரக்கக் கதை. புலவர் பாடியது இரண்டையும் கடந்தது. தன் இனமல்லாத ஓர் உயிரின் வாக்கை, அது நிறைவேறுமுன்பே தம் பொறுப்பாக ஒருவர் ஏற்கிறார். ஏற்கப்பட்ட உயிர் அதற்குத் தகுதியுடையதாக நடந்துகொள்கிறது. அதனைக் கண்டவன் மாறுகிறான். நம்பிக்கை என்பது நல்லதே நடக்கும் என்னும் எதிர்பார்ப்பு மட்டுமன்று; பிறர் பொருட்டு இழப்பை ஏற்கத் துணிதல் என்பதே இப்படலம் தரும் இலக்கணம். கலை மனிதரை இணைப்பதும் இவ்வழியில்தான். வெறும் புகழுரையால் இணைப்பு நிகழ்வதில்லை.

அண்டை வீட்டாரையும் ஐயத்துடன் நோக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். நமக்காகப் பிணை நிற்க யார் உளர் என்று கேட்கிறோம், நியாயமான கேள்வியே. நாம் யாருக்குப் பிணை நின்றோம் என்பதையும் உடன் கேட்டாக வேண்டும். சீறாவை நம் வீட்டு அலமாரியின் பெருமைப் பொருளாக மட்டும் வைத்திருந்தால் அக்கேள்வி எழாது. இப்படலத்தை நம் மத்ரஸாக்களில் அதன் அறிவிப்பு நிலையை ஒளிக்காமல் பாடம் சொல்லலாம். ரபீஉல் அவ்வல் மாத நிகழ்ச்சிகளுக்குப் பிற சமயத்துத் தமிழறிஞர்களை அழைத்து உரை கேட்கலாம். கடிகை முத்துப் புலவரின் மாணவர் பாடிய நூலுக்கு அது புதுமையன்று. பழைய கடனைத் தீர்ப்பதே ஆகும்.