எல்சாவின் குட்டிகளும் ஆட்டுக்காரரும்

ஜாய் ஆடம்சனின் 'பார்ன் ஃப்ரீ'யை நான் முதலில் வாசித்தது படிவம் நான்கில். பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த புத்தகம். நாவல் என்று நினைத்துத்தான் எடுத்தேன். எல்சா என்ற பெண்சிங்கம் நிஜமாகவே இருந்தது என்று தெரிந்தபோது பாதிப் புத்தகம் முடிந்திருந்தது. அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1956இல் கென்யாவின் வடக்கு எல்லைப் பகுதியில் வனவிலங்கு அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆடம்சன், தன்மேல் பாய வந்த ஒரு பெண்சிங்கத்தைச் சுட்டுக் கொல்கிறார். குட்டிகளைக் காக்கவே அது பாய்ந்தது என்பது பிறகுதான் தெரிகிறது. மூன்று குட்டிகள். இரண்டு ரோட்டர்டாம் மிருகக்காட்சிசாலைக்குப் போகின்றன. மிச்சமிருந்தது எல்சா. அதை வீட்டில் வளர்த்து, வேட்டையாடப் பழக்கி, மறுபடியும் காட்டிலேயே விடுகிறார்கள் ஜார்ஜும் அவர் மனைவி ஜாயும். காட்டுச் சிங்கத்தோடு சேர்ந்து குட்டி போட்ட பிறகும் எல்சா அவர்களைத் தேடி வருகிறது. 1960இல் புத்தகம், 1966இல் திரைப்படம். சிங்கத்தின் பிணத்தின்மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்த காலத்தில், அதற்கும் ஒரு மனசு உண்டு என்று லட்சக்கணக்கானவர்களை நம்பவைத்த புத்தகம் அது.

சமீபத்தில் அதையும் அதன் தொடர்ச்சியான 'ஃபாரெவர் ஃப்ரீ'யையும் சேர்த்து மறுபடி வாசித்தேன். எல்சா 1961இல் உண்ணிகளால் பரவும் நோய் கண்டு இறந்துபோகிறது. தாயில்லாத குட்டிகள் பக்கத்து ஊர்க்காரர்களின் ஆடுகளைப் பிடிக்க ஆரம்பிக்கின்றன. ஊர்க்காரர்கள் கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில் ஆடம்சன் தம்பதி அவற்றைப் பிடித்து, எல்லை தாண்டி, செரங்கெட்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். பள்ளியில் வாசித்தபோது அந்தக் குட்டிகளுக்காகப் பதறினேன். ஜெஸ்பா, கோப்பா, குட்டி எல்சா என்ற பெயர்கள்கூட இத்தனை வருடமாக மறக்கவில்லை. இந்த முறை வேறு ஒன்று இடறியது. ஆடுகளைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர் பெயராவது எனக்கு நினைவிருக்கிறதா? இல்லை.

இந்தக் கேள்வி என் ஆயாவிடமிருந்து வந்தது. பகாங்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பிரட்டுக்குக் கிளம்பும்போது 'புலி' என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டாராம். லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரே ராத்திரியில் இரண்டு ஆடு போனது. "அத வித்துத்தான் ஒன் பெரியப்பனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுக்கலாம்னு இருந்தேன்" என்பார். மலாயாப் புலிகள் இப்போது 150க்கும் குறைவு என்று நான் ஒருமுறை வருத்தப்பட்டுச் சொன்னபோது ஆயா என்னை மறுக்கவில்லை. "காப்பாத்துங்க. வேணாம்னு யாரு சொன்னா? ஆட்டுக்கு யாரு காசு குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்கச் சிங்கங்களைப் பற்றிய வேறு இரண்டு புத்தகங்களையும் எடுத்தேன். முதலாவது ஜார்ஜ் ஷாலரின் 'தி செரங்கெட்டி லயன்'. 1966 முதல் 1969 வரை தான்சானியாவின் செரங்கெட்டியில் குடும்பத்தோடு தங்கி, சிங்கங்களைப் பின்தொடர்ந்து எழுதியது. 1972இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. அட்டவணைகள் நிறைந்த ஆய்வு நூல்தான். ஆனாலும் இலக்கிய வாசகன் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஷாலரின் சிங்கம் ஒரு நாளில் ஏறக்குறைய இருபது மணிநேரம் படுத்தே கிடக்கிறது. அதன் வேட்டை முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன. கிடைத்த இறைச்சிக்காகக் கூட்டத்துக்குள்ளேயே அடித்துக்கொள்கிறது. இரை குறைந்த மாதங்களில் தாய் தின்ன, பக்கத்தில் குட்டி பட்டினியில் சாகிறது. பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு மேல் வளர்ந்து பெரிதாவதில்லை. இதையெல்லாம் ஷாலர் குரலை உயர்த்தாமல், பரிதாபத்தையோ வியப்பையோ நம்மேல் திணிக்காமல் எழுதுகிறார். 'மன்னன்', 'கம்பீரம்' என்று நாம் பழகிய சொற்களெல்லாம் அந்தப் பக்கங்களில் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. நம் மேடைகளில் அடுக்குமொழிக்காகச் சிங்கத்தைக் கூப்பிடுகிறவர்கள் ஓர் அத்தியாயமாவது வாசிக்கலாம்.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு அதே காலத்தில் அதே நிலத்தில் நடந்த இன்னொரு ஆய்வும் நல்ல உதாரணம். கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் விடியற்காலையில் வண்டியில் போகிறவர்கள், சிங்கங்கள் தின்றுகொண்டிருக்க, கழுதைப்புலிகள் சுற்றி நின்று காத்திருப்பதைப் பார்ப்பார்கள். 'ராஜா சாப்பிட்ட மிச்சத்துக்கு நிக்குது பாரு' என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். ஹான்ஸ் க்ரூக் என்ற ஆய்வாளர் இரவு முழுவதும் கூடவே இருந்து கவனித்தார். பல நேரங்களில் இரையைக் கொன்றவை கழுதைப்புலிகள். சத்தம் கேட்டு வந்து பிடுங்கிக்கொண்டவை சிங்கங்கள். காலையில் வந்தவர்கள் பார்த்த காட்சி பொய்யில்லை. அதற்கு முந்தைய இரவை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஷாலரின் புத்தகத்தையும் அதே போல் முந்தைய இரவோடு சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. அவர் காட்டும் செரங்கெட்டியில் மனிதர்கள் ஏறத்தாழ இல்லை. புல்வெளி, வரிக்குதிரை, சிங்கம், வானம். அந்த வெறுமை இயற்கையாக வந்ததில்லை. அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1959இல், அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாசாய் மக்களைப் பூங்காவுக்கு வெளியே கொரொங்கோரோ பக்கமாக நகர்த்தியிருந்தது காலனிய அரசு. சிங்கங்களோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை அகற்றிய பிறகு எடுத்த படத்தைத்தான் நாம் 'இயற்கை' என்று சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம். ஷாலரின் கண் கூர்மையானது. எல்லைக்கோட்டுக்கு வெளியே என்ன நடந்தது என்பதை மட்டும் அந்தக் கண் தேடவில்லை.

அந்தக் கோட்டைத் தாண்டுவது மூன்றாவது புத்தகம். க்ரெய்க் பேக்கரின் 'லயன்ஸ் இன் த பேலன்ஸ்', 2015. ஷாலர் தொடங்கிய ஆய்வைக் கைமாறி 1978 முதல் பல பத்தாண்டுகள் நடத்தியவர் பேக்கர். மீசை முளைக்கும் இடத்தில் உள்ள புள்ளிகளை வைத்து ஒவ்வொரு சிங்கத்தையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, தாய், மகள், பேத்தி என்று வம்சவரலாறு எழுதியவர்கள் இவர்கள். ஓர் ஆண்சிங்கம் செத்தால் கணக்கு ஒன்றோடு முடிவதில்லை என்பதையும் அந்த நீண்ட கவனிப்புதான் உறுதிப்படுத்தியது. காவல் போன கூட்டத்தைப் பிடிக்க வரும் புதிய ஆண்கள், அங்கிருக்கும் சின்னக் குட்டிகளைக் கொன்றுவிடுகின்றன. காசு கட்டி வேட்டையாட வருபவர் பெரிய பிடரிக்கு ஆசைப்பட்டு ஒன்றைச் சுடும்போது, கண்ணுக்குத் தெரியாமல் நான்கைந்து சாகலாம்.

பேக்கர் என்னை உலுக்கியது இதில் இல்லை. மனிதர்களைத் தின்ற சிங்கங்களைத் தேடி அவர் தெற்குத் தான்சானியாவுக்குப் போகிறார். 1990 முதல் 2004 வரை அந்த நாட்டில் சிங்கங்கள் 563 பேருக்கு மேல் கொன்றிருக்கின்றன. குறைந்தது 308 பேரைக் காயப்படுத்தியிருக்கின்றன. காரணம் சிங்கத்தின் வெறியும் இல்லை, பேயும் இல்லை. காட்டில் மற்ற இரைகள் அழிந்துபோன இடங்களில் காட்டுப்பன்றிகள் மட்டும் வயல்களில் மிஞ்சுகின்றன. பன்றிகளைத் தேடிச் சிங்கம் வயலுக்கு வருகிறது. பன்றிகளை விரட்ட விவசாயி அறுவடைக் காலத்தில் வயலிலேயே ஒரு குடிசை போட்டுப் படுக்கிறார். பௌர்ணமி கழிந்து, முன்னிரவு இருண்டுபோகும் நாட்களில்தான் தாக்குதல்கள் அதிகம். இவ்வளவு எளிமையானது, இவ்வளவு கொடூரமானது. கூட்டணிக் குடும்பமோ வேலியோ வாங்க வசதியுள்ளவர் அந்தக் குடிசையில் படுத்திருக்க மாட்டார்.

புத்தகத்துக்குக் குறைகள் உண்டு. நாட்குறிப்பு வடிவம் பல இடங்களில் இழுக்கிறது. அதிகாரிகளோடும் வேட்டை நிறுவனங்களோடும் பேக்கர் போடும் சண்டைகளில், தான் மட்டுமே நேர்மையானவர் என்ற தொனி அடிக்கடி தலைகாட்டுகிறது. கிராமத்து மனிதர்கள் தகவல் சொல்லிவிட்டு மறைந்துபோகிறார்கள். இருந்தும், 'காப்பாற்று' என்ற சொல்லுக்கு ஒரு செலவு இருக்கிறது என்று இந்த மூவரில் நேராக எழுதியவர் இவர்தான்.

அதே 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற ஆண்சிங்கத்தை அமெரிக்கப் பல்மருத்துவர் ஒருவர் அம்பெய்து வேட்டையாடினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்த சிங்கம் அது. உலகமே கொதித்தது. என் முகநூல் முழுக்கச் சிசில்தான். சில நாட்களில், அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த குட்வெல் ன்ஸூ என்ற ஜிம்பாப்வேக்காரர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். தன் ஊர்ப்பக்கம் சிங்கம் நடமாடிய நாட்களின் பயத்தையும், அது கொல்லப்பட்டபோது ஊரே கொண்டாடியதையும் சொல்லி, எங்கள் மனிதர்களுக்காக நீங்கள் இப்படி அழுதீர்களா என்கிற பொருளில் கேட்டார். 'சிசில்' என்ற பெயரே அந்த நாட்டைச் சூறையாடிய சிசில் ரோட்ஸின் பெயர் என்பதையும் சேர்த்து யோசித்தால், அழுகையில் யாருடைய குரல் கேட்டது என்று புரியும்.

மாமாக் கடையில் இதைச் சொன்னபோது நண்பன் கேட்டான்: "அப்போ சிங்கம் செத்தா சாகட்டும்னு சொல்ல வர்றியா?"

இல்லடா. நான் சொல்வது நேர் எதிரானது. 1993க்கும் 2014க்கும் இடையில் ஆப்பிரிக்கச் சிங்கங்கள் 43 விழுக்காடு குறைந்துவிட்டன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டது. ஒரு காலத்தில் அவை உலவிய நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இன்று அவற்றிடம் இல்லை. நிலம் வயலாகிறது. இறைச்சிக்காக மான்களுக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் சிங்கத்தின் கழுத்தும் மாட்டுகிறது. மாட்டைப் பறிகொடுத்தவர் மிச்ச உடலில் பூச்சிமருந்தைத் தூவி வைக்கிறார். சிங்கத்தோடு கழுதைப்புலியும் கழுகும் சேர்ந்து சாகின்றன. சிசிலைக் கொன்ற அம்பைவிட இந்தப் பூச்சிமருந்துப் பொட்டலம் பயங்கரமானது. அதை வாங்கியவரை வில்லனாக்கிவிட்டு ஒரு சிங்கத்தையும் காப்பாற்ற முடியாது.

இதற்கு ஒரு பதில் கென்யாவின் அம்போசெலிப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறது. மாசாய் இளைஞர்கள் சிங்கத்தைக் கொல்வது வீரத்தின் அடையாளம். முதலில் ஈட்டி எறிந்தவருக்கு அந்த வேட்டையால் ஒரு சிங்கப்பெயர் கிடைக்கும். லீலா ஹஸ்ஸா என்ற ஆய்வாளர் அவர்களோடு தங்கி, ஏன் கொல்கிறீர்கள் என்று முதலில் கேட்டார். 2007 வாக்கில் 'லயன் கார்டியன்ஸ்' என்ற அமைப்பு அங்கே உருவானது. அந்த இளைஞர்களுக்கே சம்பளம். சிங்கத்தின் தடம் பார்த்து, இன்று இந்தப் பக்கம் மாட்டை ஓட்டாதீர்கள் என்று எச்சரிப்பது, தொலைந்த ஆடுமாட்டைத் தேடிக் கொடுப்பது, முள்வேலிப் பட்டியைப் பலப்படுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. சிங்கத்தைக் கொன்று பெயர் வாங்கியவர்கள், இப்போது தங்கள் மொழியிலேயே சிங்கத்துக்குப் பெயர் வைக்கிறார்கள்.

எல்சாவுக்குப் பெயர் வைத்ததில் தவறே இல்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டால் படிவம் நான்கில் நான் அழுதிருக்க மாட்டேன். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது. ஆனால் ஒரு விலங்குக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டு, அதோடு வாழ்கிறவர்களை 'ஊர்க்காரர்கள்' என்று ஒரே சொல்லில் கடந்துபோகிற எழுத்து, பாதியைத்தான் பார்த்திருக்கிறது. சிங்கம் அழகாக இருப்பதாலோ நம்மைத் தேடி வருவதாலோ காப்பாற்றப்பட வேண்டியதில்லை. தூங்குகிற, திருடுகிற, குட்டியைப் பட்டினி போடுகிற, சில இரவுகளில் மனிதரையும் தின்கிற அந்த ஷாலரின் சிங்கம்தான் அங்கே இருக்க வேண்டும். அதற்கான விலையை அங்கிருக்கும் ஏழை மட்டும் கட்டக்கூடாது. தூரத்திலிருந்து அழுகிற நாமும் கட்டவேண்டும்.

மூன்றில் எதை முதலில் வாசிப்பது என்று கேட்டால், ஆடம்சனிலிருந்தே தொடங்குங்கள். பிறகு ஷாலர், பிறகு பேக்கர். கடைசியில் மறுபடியும் ஆடம்சனுக்கு வந்து, குட்டிகள் ஆடு பிடிக்கும் பக்கங்களை மெதுவாக வாசியுங்கள். எத்தனை ஆடு, யாருடையது, அடுத்த நாள் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் ஆயா இப்போது இல்லை. இருந்திருந்தால், அவருக்குச் சொல்ல என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது: ஆட்டுக்கான காசிலிருந்துதான் ஆரம்பிக்கணும், ஆயா.