ஐம்பதாயிரம் பெருக்கல் குறிகள்

உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் பண்ணி, ‘மாமா, சொந்தமா ஒரு கிராஸ் ஸ்டிச் டிசைன் பண்ணியிருக்கேன், வந்து பாருங்க’ என்றாள். போனேன். தாத்தாவின் போட்டோவை கம்ப்யூட்டரில் கொடுத்து, பட்டனைத் தட்டி, கட்டம் கட்டமாக பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள். அகலத்தில் 200 கட்டம், உயரத்தில் 250. மொத்தம் 62 வண்ணங்கள்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். 14 கவுன்ட் ஐடா துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம். படம் சுமார் பதினாலுக்குப் பதினெட்டு அங்குலம் வரும், சுவரில் மாட்டலாம். ஆனால் போட வேண்டிய பெருக்கல் குறிகள் 50,000. நிமிஷத்துக்கு மூன்று போட்டாலும் 277 மணி நேரம்!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் கன்னத்தைப் பொறுக்க முடியவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒன்பது விதப் பழுப்பு, நடுவில் ஒரு பச்சை வேறு. ஒரு தையல் போட்டு நூலை வெட்டி, அடுத்த பழுப்பைக் கோர்த்து, மறுபடி வெட்டி... மீசை எங்கே என்று தேடினேன். நிழலோடு கலந்து போயிருந்தது. மெஷினுக்குக் கட்டத்தின் நிறம் தெரியும், மீசை தெரியாது.

இதை டிசைன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை. எதை விடுவது என்று யாரும் இங்கே யோசிக்கவில்லையே.

யோசித்தவர் ஒருவரைச் சொல்கிறேன். அலெக்சிஸ் காஸ்டாக்லி, பிரிட்டிஷ் ராணுவ மேஜர். 1941-ல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் கைதியானார். சக கைதி ஒருவர் ஒரு துண்டு கித்தான் கொடுத்தார். நூல்? வயசான கிரீட் ஜெனரல் ஒருவரின் நைந்துபோன ஸ்வெட்டரிலிருந்து உருவியது, சிவப்பும் நீலமும். டிசம்பரில் தைத்து முடித்தார். நடுவே சாதுவாக ஒரு வாசகம், இன்ன மாதம் முடித்தேன் என்று. சுற்றிலும் ஸ்வஸ்திகா அலங்காரம். பார்டரில் புள்ளியும் கோடுமாய் ஏதோ பூவேலை மாதிரி. ஜெர்மானியருக்குப் பிடித்துப் போய், அவர் இருந்த நான்கு முகாம்களிலும் காட்சிக்கு வைத்தார்கள்.

அந்தப் புள்ளியும் கோடும் மோர்ஸ் தந்தி மொழி. ஒரு வரியில், கடவுள் தங்கள் மன்னரைக் காக்கட்டும் என்ற பிரார்த்தனை. இன்னொன்றில் ஹிட்லருக்கு ஒரு வசவு. எடிட்டர் அச்சில் விடமாட்டார்.

அழகு என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் கட்டத்தின் சுபாவம் தெரிந்த ஆள். ஒரு கட்டத்தை நிரப்பலாம், காலியாக விடலாம். மோர்ஸுக்கு அதுவே போதும். கன்னத்து நிழல் போட அது லாயக்கில்லை, ரகசியம் சொல்ல லாயக்கு. மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அந்த பார்டரைப் பாருங்கள், ஒவ்வொரு தையலும் வேறு மாதிரித் தெரியும்.

நீங்களும் வரைவதாக இருந்தால் முதலில் ஒரு கிராஃப் நோட்டு வாங்குங்கள். ஏழெட்டு நிறம் தாராளம். மூக்கு, இமை மாதிரி மெல்லிய கோடுகளைக் கடைசியில் பேக் ஸ்டிச்சில் இழுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணிடம், ‘தாத்தான்னா கண்ணை மூடினதும் என்ன தெரியுது?’ என்று கேட்டேன். ‘மீசை, மூக்குக் கண்ணாடி, பொடி டப்பா’ என்றாள். 62 வண்ணத் தாத்தாவை ஓரமாக வைத்துவிட்டு, நாற்பதுக்கு அறுபது கட்டத்தில் ஐந்தே நிறத்தில் புதுசாக ஆரம்பித்தாள்.

நேற்று போன். ‘மாமா, மீசை ஜோரா வந்துடுச்சு. கண்ணாடிதான் எப்படிப் போட்டாலும் வட்டமா வராம மாடிப்படி மாதிரியே வருது!’