அரைச்சாண் ஆட்டம்

ஐப்பசி மழையில் காட்டுப் பாதைக்குப் போய்வந்த பழைய ஜீப்பைக் கோவில்பட்டிப் பட்டறையில் நிறுத்தி, "ஸ்டியரிங் லூசா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக் ஸ்பானரைத் தொடமாட்டார். "மொதல்ல கழுவிட்டு வாங்க அண்ணாச்சி" என்பார். சோம்பலில் சொல்வதாகத்தான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். நனைந்த கரிசல் ரிம்மின் உட்புறம் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்துவிட்டால், தார்ச்சாலையில் வேகம் எடுத்ததும் முன்சக்கரம் உதறத் தொடங்கும். கோடையிலோ வேறு கூத்து. மழையில் டிராக்டர் போட்ட தடம் கல்லாக இறுகிக் கிடக்கும். டயர் அதில் இறங்கினால் தடம் இழுத்த இழுப்புக்குத்தான் வண்டி போகும். மண்ணின் கணக்கைக் கழித்த பிறகே இரும்பின் கணக்குத் தொடங்குகிறது.

அடுத்து வரும் சோதனை இங்கும் இலங்கையிலும் ஒன்றே. எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டுவார். இன்னொருவர் அடியில் படுத்து மூட்டு மூட்டாகக் கை வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் உள்ளே போன அசைவு மறுபக்கம் வந்து சேராத இடம்தான் தேய்ந்த இடம். இதற்கு முன்பே ஜாக்கி போட்டுத் தூக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. தூக்கிய சக்கரம் எதிர்ப்பில்லாமல் கூடவே திரும்பிவிடும், ஆட்டம் கைக்கு அகப்படாது. ஜாக்கியின் வேலை பிறகு. தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

இரண்டு நாட்டு வண்டிகளும் பிரிவது நடுவில் இருக்கும் ஓர் உறுப்பில். வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பில், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் தண்டு முன்புறச் சட்டத்தில் உள்ள பெல் கிராங்கைத் திருப்பும். அதிலிருந்து இரண்டு டை ராடு இரு சக்கரங்களுக்கும் போகும். அந்தக் கிராங்கின் பின் கொஞ்சம் தேய்ந்தாலே ஸ்டியரிங்கில் அது பெரிதாகத் தெரியும். மாவுபோன்ற கரிசல் தூசி, கிழிந்த ரப்பர் வழியே புகுந்து கிரீஸோடு சேர்ந்தால் அம்மி வேலை செய்யும்.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஓடிய சீரிஸ் லாண்ட் ரோவரில் அதே வேலையைச் செய்வது ரிலே. முன் சட்டத்துக்குள் நிற்கும் குழாய், அதற்குள் ஒரு தண்டு, பிளந்த புஷ்களைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் முரட்டு ஸ்பிரிங். தேயத் தேய ஸ்பிரிங் அழுத்தி ஈடுகட்டுவதால் அது எளிதில் லூசாகாது. எண்ணெய் வற்றி மழைநீர் புகுந்தால் இறுகிக்கொள்ளும். அப்போது ஸ்டியரிங் கனக்கும், வளைவு முடிந்தும் தானாக நேருக்குத் திரும்பாது. ஜீப்புக்கு ஆட்டம் வரும் இடத்தில் லாண்ட் ரோவருக்கு முடக்குவாதம் வருகிறது. பாக்ஸிலிருந்து வரும் தண்டைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் விடை தெரிந்துவிடும். இலேசாகச் சுற்றினால் கோளாறு கீழே. (ரிலேயைப் பிரிப்பவர் முகத்தை விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து வரும்.)

இரண்டு ஊர்களிலும் அவசரக்காரர் செய்யும் தப்பு ஒன்றுதான்: பாக்ஸ் மேலுள்ள அட்ஜஸ்டிங் ஸ்குருவை இறுக்குவது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸ் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே ஆட்டம் போகும்வரை இறுக்கினால், முழு வளைவில் பிடித்துக்கொள்ளும்.

ஆட்டத்துக்கு அளவும் உண்டு. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங்கில் 30 பாகைக்கு மேல் ஆட்டம் கூடாது என்கிறது. பதினேழு அங்குல ஸ்டியரிங்கின் விளிம்பில் அது சுமார் 11 சென்டிமீட்டர், அதாவது அரைச்சாண். என் கணிப்பில் அது தாராளம். இரண்டு விரற்கடைக்கு மேல் ஆடினாலே நான் பட்டறைக்குப் போய்விடுவேன். இலங்கையில் ஆண்டு வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் கேட்கும் சோதனையில் அளக்கப்படுவது புகை. மூட்டுகளை அது பார்ப்பதில்லை.

கண்டுபிடிக்கும் முறை ஒன்றாக இருந்தும் கை வேறாகிறது. இங்கே உதிரி கிடைக்கும். கோவில்பட்டியில் இல்லாவிட்டால் மதுரை, அங்கும் இல்லாவிட்டால் சென்னைப் புதுப்பேட்டை. அதனால், "நாலு டை ராடு எண்டையும் மாத்திருவோம் அண்ணாச்சி" என்பதோடு ஆராய்ச்சி முடிந்துபோகும். யாழ்ப்பாணமோ 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. எரிபொருளும் உதிரிப்பாகமும் தடைப்பட்ட அந்தக் காலத்தில் ஆஸ்டின் ஏ 40, மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தேய்ந்ததைக் கடைந்து புது புஷ் போடுவதே வழி என்றானால், நான்கில் எது தேய்ந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும். இலங்கையில் 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் விலகியது. அந்த ஐந்தாண்டும் பழைய வண்டிகளைக் காத்தவர்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளையும் லேத்தையும் நம்பியிருந்தார்கள். வேகம் வேண்டுமானால் நம் ஊர்ப் பட்டறை. நோயைக் கண்டுபிடிக்க அவர்கள் கையைத்தான் நான் நம்புவேன்.

நம்பக் காரணம் உண்டு. என் ஜீப்பில் நான்கு எண்டும் பெல் கிராங்கும் மாற்றிய பிறகும் ஆட்டம் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த உறவினர், டயரை ரயர் என்றெழுதும் தலைமுறைக்காரர், அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இனி சில்லுப் பக்கம் போகாதேங்கோ. ஸ்பிரிங்கைப் பாருங்கோ." ஸ்டியரிங்கை ஆட்டியபோது சக்கரம் திரும்புவதற்கு முன் அச்சே பக்கவாட்டில் நகர்ந்தது. ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ் நொறுங்கி, ரப்பர் இருந்த இடத்தில் காய்ந்த கரிசல் கட்டி உட்கார்ந்திருந்தது.