கைராசியா, தற்செயலா?

எங்கள் காரியாபட்டிப் பக்கம் மாலை நேர வாலிபால் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தொடர்ந்து மூன்று பந்தை அடித்துவிட்டால், "இன்னிக்கு இவனுக்குக் கைராசி, இவனுக்கே தூக்கிக் கொடு" என்பார்கள். மூன்று பந்து வலையில் பட்டால், "நேரம் சரியில்லை" என்று வெளியே உட்கார வைப்பார்கள். அப்படி உட்கார்ந்த என் மாணவன் ஒருவன் பிறகு ஆட வரவேயில்லை. ஆகவே இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று.

1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகிய மூவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் எறிதல்களை ஆராய்ந்தனர். தொடர்ந்து சில வெற்றிகள் பெற்றபின் அடுத்த எறிதலின் வெற்றி வாய்ப்புக் கூடுவதில்லை. கைராசி என்பது மனமயக்கமே என்றனர். இம்முடிவு அறிவியலின் தீர்ப்பாகவே பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லப்பட்டது. ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருந்தது.

நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். தலை, பூ என எட்டு வரிசைகள் வரலாம். ஒவ்வொன்றிலும், தலைக்கு அடுத்து மீண்டும் தலை விழுந்த விகிதத்தை எழுதுங்கள். பூ-பூ-பூ, பூ-பூ-தலை என்ற இரண்டிலும் எண்ணுவதற்கு எதுவுமில்லை. மற்ற ஆறின் விகிதங்கள்: 1, 1/2, 0, 0, 1, 0. சராசரி 5/12, அதாவது சுமார் 42 விழுக்காடு. பாதி அன்று!

நாணயத்துக்கு நினைவாற்றல் வந்துவிட்டதா? இல்லை. தலை அதிகம் விழுந்த வரிசைக்கும் குறைவாக விழுந்த வரிசைக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுத்ததன் விளைவு இது. நூறு முறை சுண்டி, மூன்று தலைகளுக்குப் பின் வருவதை எண்ணினாலும் சராசரி 46 விழுக்காடுதான். ஆகவே 50 விழுக்காடு காட்டிய வீரர் நாணயத்தை வென்றவரே! இதை மில்லர், சஞ்சுர்ஹோ இருவரும் 2018-இல் வெளியான கட்டுரையில் நிறுவினர். பழைய விவரங்களையே திருத்திக் கணக்கிட்டபோது, வெற்றி வெற்றியைத் தொடர்வதற்குச் சான்று தெரிந்தது.

அப்படியானால் எல்லாத் தொடருக்கும் காரணம் உண்டா? அதுவும் இல்லை. 2023 நவம்பர் முதல் 2025 டிசம்பர் வரை இந்திய அணி ஒருநாள் கிரிக்கெட்டில் தொடர்ந்து 20 முறை டாஸில் தோற்றது. அது தற்செயல். தமிழக வீரர் ஜெகதீசன் 2022-இல் விஜய் ஹசாரே போட்டியில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்தார். அதில் திறமை, தன்னம்பிக்கை, எதிரணியின் பலம், தற்செயல் எல்லாம் கலந்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

மூன்று பந்தைக் கொண்டு ஒருவனுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு நோட்டில் சில மாத ஆட்டங்களைக் குறித்து வையுங்கள். யாரை உட்கார வைப்பது என்பதை அதன்பின் பேசலாம்.